நாற்பத்தொரு கூரைகள்

என் தங்கை வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர நாற்பத்தாறு நிமிடம் ஆனது. சிவகாசியில் அது கிளம்பிய இடத்திலிருந்து அவள் வாசலுக்கு ஏழு கிலோமீட்டர். நடுவில் ஒரு ரயில்வே கேட் உண்டு. அது அன்று திறந்துதான் இருந்தது, விசாரித்துவிட்டேன். எப்படிக் கணக்குப் போட்டாலும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. மீதி இருபத்தாறு நிமிடம் எங்கே போனது என்று பலரிடம் கேட்டேன். "வழி தெரியல போல" என்றார்கள். மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

தங்கையின் கணவர் சிவகாசியில் காலண்டர் அச்சாபீசில் முப்பத்துமூன்று வருஷம் கட்டிங் மிஷின் ஓட்டியவர். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்து பிழைத்து வந்தார். ஆனால் டாக்டர் தங்கையைத் தனியே அழைத்து, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இதயம் இவ்வளவு பழுதாகியிருக்காது, மறுபடி வந்தால் தாமதமே கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாம் நாள் விருதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி அவரைப் பார்க்கப் போனேன். விஸ்வநத்தம் தாண்டி, ஒரு கண்மாய்க்குப் பின்னால் இருக்கிறது அவர்கள் தெரு. மொத்தம் பதினாறு வீடுகள். போய் உட்கார்ந்ததும் தங்கையிடம் கேட்டேன்.

"எத்தனை மணிக்கு முதல் போன் போட்ட?"

"அண்ணே, மனுசன் கீழ கெடக்காரு. நான் கடிகாரத்தையா பாத்துக்கிட்டு நிப்பேன்?"

"போன்ல இருக்கும். குடு இங்க."

மூன்று பன்னிரண்டுக்கு அவள் அழைத்திருந்தாள். அதன்பிறகு டிரைவரிடமிருந்து ஐந்து அழைப்புகள். கடைசி அழைப்பு மூன்று ஐம்பத்தெட்டுக்கு, தெருமுனையில் நின்றுகொண்டு. எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். கட்டிலில் படுத்திருந்த தங்கையின் கணவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மச்சான், தலைமயிர எண்ணுத வேலைய ஆண்டவர் பாத்துக்கிடுவாருன்னு பைபிள்லயே இருக்கு. நீங்க காப்பியக் குடிங்க."

"மத்த நாலு போன்லயும் டிரைவர் என்ன சொன்னாரு?" என்றேன் தங்கையிடம்.

"ஒரு கேட்டுக்கு முன்னால நிக்கேன், வாச்மேன் உள்ள விடமாட்டேங்கான்னாரு. எந்தக் கேட்டுன்னேன். பட்டாசு கம்பெனி கேட்டுங்காரு! அங்கன எதுக்குப் போனீகன்னு கேட்டா, மேப்பு இப்பிடித்தான் காட்டுதுங்காரு." அவள் காப்பி டம்ளரை என் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். "நீங்கதான மூணு வருசமா அந்த மேப்புலயே கெடக்கீக? ஒலகத்துக்கெல்லாம் ரோடு போடுதீக. ஒங்க தங்கச்சி வீட்டுக்கு வழியச் சரியாக் காட்டச் சொல்லுங்க. அடுத்த தடவையும் வண்டி அங்கன போய் நின்னுச்சுன்னா, நான் இவர உசுரோட திருப்பிக் கொண்டாரமாட்டேன்."

அவள் சொன்னது சரி. மூன்று வருஷமாக நான் அதில்தான் கிடக்கிறேன். இணையத்தில் ஊர் கூடி இழுக்கும் தேர் மாதிரி ஒரு வரைபடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். வானத்திலிருந்து எடுத்த படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து வீடு, ரோடு, குளம் என்று வரைகிறவர்கள் ஒரு வகை. வரைந்தது சரியா என்று பார்த்து முத்திரை வைக்கிறவர்கள் இன்னொரு வகை. இடத்துக்கே நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறவர்கள் மூன்றாவது வகை. இவர்கள் மிகக் குறைவு. எல்லோருக்கும் மேலே ஒருங்கிணைப்பாளர்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஒருவருக்கொருவர் முகம் தெரியாது.

நான் ஓய்வு பெற்ற பிறகு இதில் சேர்ந்தேன். வரைவதற்குக் கை நடுங்குகிறது, அதனால் சரிபார்ப்பவன் ஆனேன். கட்டத்தைத் திறப்பேன். படத்தில் எத்தனை கூரை என்று எண்ணுவேன். வரைந்தவர் எத்தனை கூரை போட்டிருக்கிறார் என்று எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போனால் முத்திரை. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஆயிரத்து நூற்று அறுபத்துநான்கு கட்டங்களுக்கு முத்திரை வைத்திருக்கிறேன்.

தங்கையிடம் டிரைவரின் எண்ணை வாங்கிப் பேசினேன். அவர் போனில் வழி காட்டுவது எங்கள் வரைபடத்தை வைத்து ஓடும் ஒரு செயலிதான் என்பது உறுதியானது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

தங்கை தெருவுக்கு வடக்கே, கண்மாய் ஓரத்தில், எனக்குத் தெரியாத ஒரு ஊர் இருந்தது. நாற்பத்தொரு வீடுகள். குறுக்கும் நெடுக்குமாக மூன்று தெருக்கள். அதில் ஒரு தெரு மெயின் ரோட்டிலிருந்து நேராக வந்து தங்கை வீட்டுத் தெருவில் சேர்ந்தது. "குடியிருப்புப் பகுதி" என்று வெளிர்நிறம் வேறு பூசியிருந்தார்கள்.

அந்த இடத்தை நான் பஸ்ஸிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது பட்டாசுக் கம்பெனி. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மருந்து கலக்க ஒரு ரூம், திரி வைக்க ஒரு ரூம் என்று எல்லாம் தனித்தனியே, ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி, நடுவில் வேப்பமரமும் நடைபாதையுமாக இருக்கும். ஒரு ரூமில் தீப்பிடித்தால் அடுத்ததுக்குத் தாவக் கூடாது என்பதற்காக அப்படி. மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அது நல்ல காற்றோட்டமான ஒரு சின்னக் கிராமம். பட்டாசு எங்கே செய்கிறார்கள் என்று யோசித்தே பார்த்திராத யாரோ ஒருவர், எந்த நாட்டிலோ உட்கார்ந்துகொண்டு, நடைபாதையைத் தெருவாக்கி, ரூம்களை வீடாக்கிவிட்டார். பின்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டிய இரும்புக் கேட் அவருக்கு எப்படித் தெரியும்? செயலியும் பாவம், குறுக்கு வழி இருக்கிறதே என்று வண்டியை அதற்குள் அனுப்பிவிட்டது.

கோபம் கோபமாக வந்தது. வரைந்தவரைக்கூட மன்னிக்கலாம். இதற்கு முத்திரை வைத்த மகானுபாவர் யார் என்று பார்க்க வேண்டும் என்று அந்தக் கட்டத்தின் வரலாற்றைத் திறந்தேன்.

என் பெயர் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. குறிப்பும் எழுதியிருந்தேன்: "41க்கு 41. சரி." கட்டத்தில் ஊர்ப் பெயர் இருக்காது, வெறும் எண்தான். மேலேயிருந்து பார்த்தால் என் தங்கை ஊரே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் முப்பத்தைந்து கட்டங்கள் முடித்திருக்கிறேன்.

விருதுநகரில் மிளகாய் வத்தல் சேமிக்கும் ஒரு கிட்டங்கியில் முப்பத்தேழு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். லாரியில் வந்த மூட்டைக்கும் சீட்டில் உள்ள மூட்டைக்கும் எண்ணிக்கை ஒத்துப்போனால் கையெழுத்து. மூட்டையைக் குத்தி உள்ளே நல்ல வத்தல் இருக்கிறதா, உதவாத சண்டு இருக்கிறதா என்று பார்ப்பது வேறொருவர் வேலை. ஒரு நாள்கூட என் எண்ணிக்கை தவறியதில்லை. இப்போதும் தவறவில்லை, நாற்பத்தொன்று என்பது சரியான எண்தான்.

மறுநாள் காலையில் உட்கார்ந்து நாற்பத்தொரு வீடுகளையும் மூன்று தெருக்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. சாயங்காலம் பார்த்தால் நாற்பத்தொன்றும் திரும்ப முளைத்திருந்தன. எனக்கு ஒரு எச்சரிக்கையும் வந்திருந்தது. மொத்தமாகக் குடியிருப்புகளை அழிப்பது நாசவேலையாகக் கருதப்படும், உங்கள் சரிபார்க்கும் உரிமை தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது என்று. அறுபத்தெட்டு வயதில் ஊரை அழித்தவன் என்ற பெயர்.

ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினேன். அவர் ஏதோ தூர தேசத்துப் பெண்மணி. எனக்குக் காலை என்றால் அவருக்கு இரவு. மரியாதை குறையாமல் பதில் எழுதுவார், அதுதான் இன்னும் எரிச்சல். "உங்கள் அக்கறைக்கு நன்றி. முத்திரை வைத்த கட்டத்தை மாற்ற நேரில் எடுத்த படம் தேவை. முத்திரை வைத்தவரே தன் முடிவை மாற்ற முடியாது. அந்தப் பகுதியை நேரில் அறிந்த இன்னொருவர் சொல்ல வேண்டும்." நான் பதினேழு கடிதம் எழுதினேன். ஆம்புலன்ஸ் விஷயத்தை மூன்றாவது கடிதத்திலேயே எழுதிவிட்டேன். "மிகவும் வருந்துகிறோம்" என்று தொடங்கி அதே விதியை மறுபடி அனுப்பினார்.

சரி, படம்தானே என்று கம்பெனி கேட்டுக்குப் போனேன். வாச்மேன் ஒரு மரப்பெட்டியைக் காட்டினார்.

"போன இதுல போடுங்க சார். உள்ள போன் கொண்டுபோகக் கூடாது."

"போட்டோ எடுக்கத்தாங்க வந்திருக்கேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய் போர்மேனைக் கூட்டிக்கொண்டு வந்தார். போர்மேன் முகத்தில் ஏற்கெனவே வியர்வை.

"சார் எந்த டிபார்ட்மெண்ட்?"

"டிபார்ட்மெண்ட் இல்லைங்க. மேப் போடுறவன்."

"சர்வேயா? சர்வே ரெண்டு மாசம் முன்னாடிதான வந்துட்டுப் போனாக?"

"கவர்மெண்டே இல்லை. சொந்தமா, சும்மா பண்ணுறேன்."

"சும்மா பண்ணுதீகளா?" அவர் வாச்மேனைப் பார்த்தார். வாச்மேன் வேப்பமரத்தைப் பார்த்தார். "சார், சீசன் நேரம். லோடு ஏத்திக்கிட்டு இருக்கோம். சும்மா பண்ணுதவுக தீபாவளி கழிச்சு வாங்க. அப்பவும் போன் கெடயாது."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. போனை உள்ளே விடாத கம்பெனிதான் ஒழுங்கான கம்பெனி. படம் இல்லாமல் மாற்றாத வரைபடம்தான் ஒழுங்கான வரைபடம். இரண்டு ஒழுங்குக்கும் நடுவில் என் தங்கை வீடு மாட்டிக்கொண்டிருந்தது.

வெளிச்சுவரைச் சுற்றி நடந்தேன். ஆயிரத்து நூற்றுப் பத்து எட்டு. பதினாலு படம் எடுத்து அனுப்பினேன். "படங்களில் ஒரு சுவரும் மரங்களின் மேற்பகுதியும் தெரிகின்றன. சுவருக்குள் வீடுகள் இல்லை என்பதை இவை காட்டவில்லை" என்று பதில் வந்தது. அதுவும் உண்மைதான். எல்லோரும் உண்மையே பேசிக்கொண்டிருந்தார்கள், வண்டிக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை.

இதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. தங்கையின் கணவருக்கு ஒரு நாள் சாயங்காலம் மறுபடி மூச்சு முட்டியது. தங்கை ஆம்புலன்ஸைக் கூப்பிடவே இல்லை. எதிர்வீட்டு ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனாள். வாயுத் தொல்லைதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் ஆட்டோவில் ஆக்சிஜன் இல்லை, படுக்க வைக்க இடமில்லை. எதிர்வீட்டுக்காரர் தினமும் மத்தியானம் வீட்டில் இருப்பவரும் இல்லை.

அந்த வாரம் போனபோது தங்கை வீட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். அங்கிருந்து கம்பெனியின் பின்பக்கம் முழுக்கத் தெரிகிறது என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. வத்தல் காயப்போட ஏறிய தங்கை பின்னாலேயே வந்தாள். நான் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்திருந்தேன்.

"என்னண்ணே பண்ணுதீக?"

"நாப்பத்தொண்ணு சரியா இருக்கான்னு..."

"அய்ய, அதத்தான் அம்புட்டுப் பேரும் எண்ணிட்டீகளே!" அவள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "அங்கன ஒரு கொடியில ஒரு துணி காயுதா, சொல்லுங்க."

பார்த்தேன். ஒரு கொடிகூட இல்லை.

"ஒரு தண்ணிக் கொடம் இருக்கா? டிவிக்கு மாட்டுத குடை இருக்கா? ஒரு கோழி மேயுதா? நாப்பத்தோரு குடும்பம் துணியே தொவைக்காமலா குடியிருக்கு? நான் இந்த மாடியில இருந்து இருபது வருசமாப் பாக்கேன். சாயங்காலம் வேன்ல எல்லாரும் ஏறிப் போன பெறகு அங்கன ஒரு லைட்டு எரியாது."

அவளே தன் போனை எடுத்துப் பகலில் நாலு படம் எடுத்தாள். சாயங்காலம் வேன் போனபிறகு நாலு. பின்கேட்டின் சங்கிலியைத் தெருவில் இறங்கிப் போய் ஒன்று.

"இன்னொருத்தர் சொல்லணும்னு விதி இருக்கு" என்றேன். "நான் சொன்னா எடுத்துக்கிட மாட்டாங்க."

"அப்ப நான் சொல்லுதேன். என்னயச் சேத்துவிடுங்க."

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், ஆங்கிலம் வாசிப்பாள், எழுதுவாள். இருபத்தைந்து நிமிடத்தில் அவளை உறுப்பினராகச் சேர்த்தேன். "நேரில் பார்ப்பவர்" என்ற வகையை அவளே தேர்ந்தெடுத்தாள். நான் ஒரு நீளமான விளக்கம் எழுதத் தொடங்கினேன். தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அவள் நாலே வரி எழுதினாள்: "இவை வீடுகள் இல்லை. பட்டாசு செய்யும் அறைகள். யாரும் இங்கே குடியிருக்கவில்லை. பின்பக்கக் கேட் எப்போதும் பூட்டியிருக்கும், என் கணவருக்கு வந்த ஆம்புலன்ஸ் இதனால் தாமதமானது." ஒன்பது படங்களையும் இணைத்தாள்.

மறுநாள் காலை பதில் வந்துவிட்டது. வரவேற்பு, நன்றி, திருத்தம் முடிந்தது, இத்தனை தெளிவான களப்பதிவு எங்களுக்கு அரிது. அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நட்சத்திரம் வேறு. மூன்று வருஷத்தில் எனக்கு ஒரு நட்சத்திரமும் வந்ததில்லை. தங்கை போனில் அதை எனக்கு வாசித்துக் காட்டியபோது பின்னாலிருந்து தங்கையின் கணவர் குரல் கேட்டது. "மச்சான்கிட்ட சொல்லு, இனிமே அவுக ஒனக்கு அசிஸ்டெண்டுன்னு."

ஆனால் வரைபடத்தில் மாறினால் செயலியில் உடனே மாறிவிடாது. அது எப்போதாவது ஒருமுறைதான் புதிய படத்தை எடுத்துக்கொள்ளுமாம். எப்போது என்று யாருக்கும் தெரியாது. தினமும் காலை ஆறு மணிக்கு அந்தச் செயலியில் சிவகாசியிலிருந்து தங்கை வீட்டுக்கு வழி கேட்டேன். முப்பத்தோரு நாள் அதே பட்டாசுக் கம்பெனி வழி. அந்த முப்பத்தோரு நாளும் மத்தியானம் என் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்தேன். முப்பத்திரண்டாம் நாள் வழி கண்மாய்க்கரையைச் சுற்றிப் போனது. ஏழு கிலோமீட்டர், பதினெட்டு நிமிடம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சிவகாசிக்குப் போய் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் ஒரு ஆட்டோ பிடித்து, செயலி சொல்கிறபடிதான் ஓட்ட வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லி, தங்கை வாசலில் போய் இறங்கினேன். இருபத்தொரு நிமிடம். ரயில்வே கேட் மூடியிருந்தது.

"இப்பிடி முன்னால போன் பண்ணாம வாரீகளே, சோறு வடிக்கல" என்றாள் தங்கை. உள்ளே தங்கையின் கணவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தில் நிம்மதி இருந்தது. எனக்குத்தான் இல்லை.

ஏனென்றால் அந்த ஒன்றைத் தவிர, முத்திரை வைத்த மற்றக் கட்டங்களையும் நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். கூரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒன்றில்கூட யோசித்ததில்லை. ஒருங்கிணைப்பாளருக்குப் பதினெட்டாவது கடிதம் எழுதினேன். நான் முத்திரை வைத்த எல்லாக் கட்டங்களையும் திறந்து வேறு யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று. பதில் வழக்கம்போல மரியாதையாக வந்தது. "அப்படி ஒரு நடைமுறை இல்லை. கவலைப்பட வேண்டாம். உங்கள் கட்டங்களை மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்த்தோம். உங்கள் எண்ணிக்கை எல்லாமே மிகச் சரியாக உள்ளது." நிறுத்தி வைத்திருந்த உரிமையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த உரிமையை நான் இன்னும் தொடவில்லை. முதல் கட்டத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். திறந்து, ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுகிறேன்: "பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லவும். இங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்களா?" பல இடங்கள் எந்தக் கண்டத்தில் இருக்கின்றன என்பதுகூட எனக்குத் தெரியாது. அங்கே இதை வாசிக்க ஆள் உண்டா என்பதும் தெரியாது. நேற்றுவரை முப்பத்தெட்டுக் கட்டங்களில் எழுதியாகிவிட்டது. இரண்டு பதில்கள் வந்திருக்கின்றன. ஒன்றில், ஆமாம், வீடுகள்தான், மூன்றாவது வீடு எங்கள் அத்தை வீடு என்று யாரோ எழுதியிருந்தார். மற்றது கோழிப்பண்ணை.